காசநோயும் எச்.ஐ.வியும்: சென்னை தந்த பாடமும் மலையகமும்

வரலாற்று நூல்கள் பெரும்பாலும் அரசர்களையும் போர்களையும் உடன்படிக்கைகளையும் பற்றியே பேசுவன. ஆயின், ஒரு சமுதாயம் எவ்வாறு வாழ்ந்தது என்பதை அறிய விரும்புவோர், அது எந்நோயால் நலிந்தது, அந்நோய்க்கு யார் மருந்து கொடுத்தனர், அம்மருந்து யாருடைய வாசல்வரை வந்தது என்பனவற்றையும் அறிதல் வேண்டும். அவ்வகையில் காசநோயின் வரலாறு ஏழை மக்களின் வரலாற்றோடு பிரிக்கவொண்ணாதவாறு பிணைந்து கிடக்கின்றது. கடந்த நாற்பது ஆண்டுகளில் எச்.ஐ.வி. கிருமி அவ்வரலாற்றிற் புதியதோர் அதிகாரத்தை எழுதியுள்ளது. அவ்வதிகாரத்தின் முக்கியமான பக்கங்கள் பல தமிழ் மண்ணிலேயே, சென்னையிலும் தாம்பரத்திலும், எழுதப்பட்டவை. அவற்றை மலையகத்தின் நிலைமையோடு வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லயமும் நோயும்

உடப்புசல்லாவை நுவரெலியாவுக்குக் கிழக்கே அமைந்த தேயிலைப் பிரதேசம். இலங்கைத் தேயிலைக்கு வகுக்கப்பட்டுள்ள ஏழு பிரதேசங்களுள் ஒன்று இதன் பெயராலேயே வழங்குகின்றது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஓடிய ஒடுங்கிய புகையிரதப் பாதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்டு, அந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் மறைந்தும் போயிற்று. தேயிலையை இறக்குவதற்கு இத்தனை விரைவிற் பாதை அமைத்தவர்கள், தேயிலை பறித்தவர்களின் நோய்க்கு என்ன வழி அமைத்தனர் என்ற வினா இயல்பாகவே எழுகின்றது.

தோட்டத் தொழிலாளரின் மருத்துவம் பற்றிய சட்டங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தன. 1872ஆம், 1880ஆம் ஆண்டுகளின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டங்கள் அவற்றுள் முற்பட்டவை. தமிழகத்திலிருந்து வருவோர் மண்டபம் முகாமிலே தடுத்து வைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டனர். 1916ஆம் ஆண்டில் றொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிற் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கினர். இவை யாவற்றையும் ஒருசேர நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். கொலராவும் அம்மையும் விரைந்து பரவித் தோட்டத்தையே முடக்கக்கூடியவை. கொக்கிப்புழு உழைக்கும் உடலின் இரத்தத்தைக் குறைப்பது. எனவே, அவை முதலாளியின் கணக்கேட்டிலும் இடம்பெற்றன. காசநோயோ மெல்ல வருவது. கிருமி உட்புகுந்து பல்லாண்டு கழிந்தபின்னும் நோயாக வெளிப்படலாம், வெளிப்படாமலே போகவுங்கூடும். சில நாள் முகாம் வாசத்தில் அதனைக் கண்டுகொள்ளுதல் இயலாது. அது தொழிலாளியின் உடலிலேயே குடியிருந்து, அவனோடு பெரட்டுக்குச் சென்று, அவனோடு லயத்துக்குத் திரும்பிற்று.

லயத்தின் அமைப்பு அந்நோய்க்கு ஏற்றதாகவே இருந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட ஒரு காம்பரா; முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு; காற்றும் வெளிச்சமும் அரிதிற் புகும் சுவர்; குளிருக்கு அஞ்சி அடைக்கப்பட்ட கதவு; உள்ளே அடுப்புப் புகை; ஒரே பாயில் மூன்று தலைமுறை. காசநோய் தொட்டால் ஒட்டுவதன்று, உண்கலத்தாற் பரவுவதன்று. இருமுபவரின் மூச்சிலிருந்து வெளிப்படும் நுண்துளிகள் அடைபட்ட காற்றில் மிதந்து பிறர் நுரையீரலை அடைவதாலேயே பரவுவது. ஆதலின், இந்நோயைப் பொறுத்தவரை வீடமைப்பும் மருத்துவமும் வெவ்வேறு துறைகளல்ல.

மலைக்காற்றும் மருந்தும்

சயம் என்ற பழைய பெயருக்குத் தேய்வு என்பது பொருள். உடல் நாள்தோறும் தேய்ந்து மறைவதைக் கண்ட முன்னோர் இட்ட பெயர் அது. 1882 மார்ச் 24ஆந் திகதி பேர்ளின் நகரில் றொபேட் கொக் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். காரணம் அறியப்பட்டதேயன்றி மருந்து அறியப்படவில்லை. அதன்பின் அறுபதாண்டுக்கு மேலாக மருத்துவம் வழங்கிய அறிவுரை தூய காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு என்ற மூன்றுமே. இம்மூன்றையும் விலைகொடுத்துப் பெறும் இடமே சனடோரியம்.

தாம்பரத்தில் 1928ஆம் ஆண்டு அத்தகைய சனடோரியம் ஒன்றை நிறுவியவர் டேவிட் சௌரிமுத்து என்ற தமிழ் மருத்துவர். இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் சனடோரியம் நடாத்திப் புகழ்பெற்ற இவரிடம் 1917ஆம் ஆண்டளவில் கணிதமேதை இராமானுஜன் சிகிச்சை பெற்றார். இராமானுஜனின் நோய் சயம் என்றே அன்று கருதப்பட்டது. பிற்கால ஆய்வாளர் சிலர் அது ஈரலைத் தாக்கிய அமீபா நோயாகலாம் என வாதித்துள்ளனர். எவ்வாறாயினும், 1920ஆம் ஆண்டு சென்னைச் சேத்துப்பட்டில் அவர் காலமானபோது இந்நோய்க்கு உரிய மருந்து உலகில் எங்கும் இருக்கவில்லை. தாம்பரம் நிலையத்தை 1937ஆம் ஆண்டு சென்னை அரசு பொறுப்பேற்றது.

1943இல் ஸ்ரெப்ரோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. பாஸ் என்னும் மருந்தும், 1952இல் ஐசோனியசிட்டும் தொடர்ந்து வந்தன. நோயை உண்மையாகவே குணப்படுத்தலாம் என்ற நிலை முதன்முறையாகத் தோன்றிற்று. ஆயினும், புதியதொரு சிக்கலும் உடன்தோன்றியது. நோயாளரை ஓராண்டுக்கு மேலாகப் படுக்கையில் வைத்தே மருந்து கொடுத்தல் வேண்டும் என்பது மேனாட்டார் கொள்கை. இந்தியா போன்ற நாடு அத்தனை இலட்சம் படுக்கைகளுக்கு எங்கே போகும்?

இவ்வினாவுக்கு விடைகாணவே 1956ஆம் ஆண்டு இராமானுஜன் மறைந்த அதே சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என்பன அதனைக் கூட்டாக அமைத்தன. வாலஸ் ஃபொக்ஸ் என்பார் அதன் தொடக்ககாலத் தலைவராக விளங்கினார். சென்னையின் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 193 நோயாளர், குலுக்கல் முறைப்படி இரு பிரிவினராக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சனடோரியத்தில் ஓராண்டு தங்கி ஓய்வும் நல்லுணவும் பெற்றனர். மறுபிரிவினர் தம் வீட்டிலேயே இருந்து, தம் எளிய உணவையே உண்டு, தொழிலுக்கும் சென்று, அதே மருந்தை உட்கொண்டனர்.

1959ஆம் ஆண்டு வெளியான முடிவு மருத்துவ உலகை வியப்பில் ஆழ்த்திற்று. வீட்டில் இருந்தோரும் சனடோரியத்தில் இருந்தோரை ஏறத்தாழ ஒத்த அளவிற் குணமடைந்தனர். வீட்டாரின் உடல்நிறை குறைவாகவே ஏறியது. எனினும் கிருமி ஒழிந்தது. அவர்களோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தோர் அதனாற் கூடுதலாக நோயுறவில்லை என்பதும் ஐந்தாண்டுகாலத் தொடர்நோக்கிற் புலனாயிற்று. மருந்து தொடங்கியபின் நோயாளியின் தொற்றும் ஆற்றல் விரைவிற் குறைந்துவிடுவதே அதற்குக் காரணம். 1964இல் அதே நிலையம், வாரத்தில் இருமுறை மட்டும் மருத்துவப் பணியாளரின் கண்முன் மருந்து கொடுத்தும் நோயைக் குணப்படுத்தலாம் என நிறுவிற்று. உலகெங்கும் பிற்காலத்திற் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை முறைக்கு இவ்வாய்வுகளே அடிப்படையாயின.

காற்றையும் பாலையும் முட்டையையும் வாங்க வசதியற்றவனுக்கும் குணம் உண்டு என்பதே சேத்துப்பட்டு தந்த முதற்பாடம். மூட்டை முடிச்சோடு சனடோரியத்துக்குப் போக இயலாத சேரிவாசிக்கும், பெயர் விழாமற்போகும் என அஞ்சி ஆஸ்பத்திரியில் தங்க மறுக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் இஃது ஒருசேர உரியதாகும்.

இரு கிருமிகளின் கூட்டு

காசநோய் ஒழியும் காலம் அணித்தே என்ற நம்பிக்கை நிலவிய வேளையிலே, 1981ஆம் ஆண்டு அமெரிக்காவில் எயிட்ஸ் நோய் பற்றிய முதற்குறிப்பு வெளியாயிற்று. அதன் கிருமியை 1983இல் பரிசிலுள்ள பாஸ்ரர் நிறுவனத்தார் இனங்கண்டனர். இந்தியாவில் இக்கிருமி இருப்பது 1986ஆம் ஆண்டு சென்னையிலேயே முதன்முதல் அறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை சுனிதி சொலமனின் வழிகாட்டலில் ஆய்வு மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, தாமே பெண்களிடம் சென்று இரத்த மாதிரிகளைத் திரட்டினார். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் சோதனை நடைபெற்றது. பட்டப்படிப்புக்கான ஆய்வேடு ஒன்று ஒரு நாட்டின் சுகாதார வரலாற்றையே திருப்பிய நிகழ்ச்சி இது. மறு ஆண்டு, 1987இல், இலங்கையர் ஒருவரிடத்தும் இக்கிருமி முதன்முறையாகக் கண்டறியப்பட்டது.

இரு நோய்களுக்கும் இடையிலான உறவை ஈண்டு விளக்குதல் அவசியமாகும். காசநோய்க் கிருமி உடலிற் புகுந்தோரில் நூற்றுக்கு ஐவர் முதல் பதின்மர் வரையிலானோரே தம் வாழ்நாளில் என்றேனும் நோயுறுவர். எஞ்சியோரின் உடலில் நோயெதிர்ப்பு ஆற்றல் அக்கிருமியைச் சிறைவைத்து விடுகின்றது. அச்சிறைக்குக் காவலாக நிற்கும் வெள்ளணுக்களையே எச்.ஐ.வி. அழிக்கின்றது. எனவே, சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. தொற்றாளரில் உறங்கும் காசநோய் விழித்தெழும் வாய்ப்பு ஆண்டுக்கே நூற்றுக்குப் பத்தளவாக உயர்கின்றது. மற்றையோர் வாழ்நாள் முழுவதிலும் எதிர்நோக்கும் ஆபத்தை இவர்கள் ஓராண்டில் எதிர்நோக்குகின்றனர் எனலாம். அன்றியும், நோய் தன் வழமையான அடையாளங்களை மறைத்துக்கொள்கின்றது. சளியிற் கிருமி தென்படாமற் போகலாம். மார்புப் படம் தெளிவாகத் தோன்றலாம். நோய் நுரையீரலை விட்டு நிணநீர்க் கணுக்களையும் மூளையுறையையும் பற்றலாம். சோதனை தவறுவதால் சிகிச்சை பிந்துகின்றது. சிகிச்சை பிந்துவதால் உயிர் பிரிகின்றது.

1993இல் உலக சுகாதார நிறுவனம் காசநோயை உலகளாவிய நெருக்கடியாகப் பிரகடனஞ் செய்தது. அந்தத் தசாப்தத்திலேயே தாம்பரம் சனடோரியம் எச்.ஐ.வி. தொற்றாளரின் புகலிடமாக மாறிற்று. பிற மருத்துவமனைகள் தயங்கிய காலத்திலே, அங்குப் பல்லாயிரவர் வந்து சேர்ந்தனர். ஓய்வுக்கும் மலைக்காற்றை ஒத்த தூய காற்றுக்குமென அமைந்த இடம், ஊராலும் உறவாலும் ஒதுக்கப்பட்டோரின் இறுதி இடமாயிற்று. சனடோரியம் தேவையில்லை என்று மருத்துவம் கூறி முப்பத்தைந்து ஆண்டுகளின்பின் சனடோரியம் மீண்டும் நிரம்பிய இந்நிகழ்ச்சியில், நோயின் கொடுமையுடன் சமூகத்தின் கொடுமையும் பதிவாகியுள்ளது.

மருந்து வந்தபின்

1996இல் மூன்று மருந்துகளை ஒன்றாகக் கொடுக்கும் கூட்டுச்சிகிச்சை எயிட்ஸை உடனடி மரணத்தீர்ப்பு என்ற நிலையினின்று மாற்றிற்று. ஆயின், ஆண்டொன்றுக்குப் பத்தாயிரம் டொலரை அண்டிய விலை ஏழை நாடுகளை எட்டாத் தூரத்தில் நிறுத்தியது. 2001இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் அதே கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டொலருக்குத் தர முன்வந்தமை அத்தூரத்தைத் தகர்த்தது. 2004 ஏப்பிரல் 1ஆந் திகதி இந்திய அரசு இலவச சிகிச்சையைத் தொடங்கியபோது, முதலில் தெரிவான எட்டு அரச மருத்துவமனைகளுள் தாம்பரமும் ஒன்றாகும். இலங்கையிலும் 2004 முதல் இம்மருந்து அரச செலவிலேயே வழங்கப்படுகின்றது.

இம்மருந்து எச்.ஐ.வி. தொற்றாளர் காசநோயுறும் வாய்ப்பை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைக்கின்றது என ஆய்வுகள் காட்டியுள்ளன. எனினும், ஆபத்து முற்றாக நீங்கிவிடுவதில்லை. மேலும், இரு சிகிச்சைகளையும் ஒன்றாக நடாத்துவதிலும் இடர்கள் உள. காசநோய்க்கு முதன்மையான றிபாம்பிசின், ஈரலின் நொதியங்களைத் தூண்டி எச்.ஐ.வி. மருந்துகள் பலவற்றை விரைவாக வெளியேற்றுகின்றது. ஆதலின் மருந்தின் வகையையோ அளவையோ மாற்றுதல் வேண்டும். நோயெதிர்ப்பு ஆற்றல் திடீரென மீளும்போது அது காசநோய்க் கிருமியோடு கடும்போர் தொடுத்து நோயாளியை மேலும் நலிவிப்பதும் உண்டு. இதனால், காசநோய்ச் சிகிச்சையை முடித்த பின்னரே மற்றையதைத் தொடங்கலாம் என மருத்துவர் பலர் எண்ணியிருந்தனர். தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு இவ்வெண்ணத்தைத் தகர்த்தது. இரண்டையும் இணைத்து நடாத்திய பிரிவில் மரணம் பாதிக்கும் மேலாகக் குறைந்தது. இரு மருத்துவமனைகளுக்கிடையே நோயாளியை அலையவிடுவதே உயிராபத்து என்பதை அவ்வாய்வு உணர்த்திற்று.

சிகிச்சை தவறுமிடத்து விளைவது யாது என்பதையும் அந்நாடே காட்டியது. குவாசுலு நாட்டால் மாகாணத்துத் துகேலா பெரியில், எம்மருந்துக்கும் எளிதில் அடங்காக் காசநோய் கண்ட 53 பேரில் 52 பேர் இறந்தமை 2006இல் வெளியாயிற்று. அவர்களுட் சோதிக்கப்பட்டோர் அனைவரும் எச்.ஐ.வி. தொற்றாளராவர்.

இக்கட்டத்தில் சென்னையின் பங்கு மீண்டும் முன்னிற்கின்றது. இடைவிட்டு மருந்து கொடுக்கலாம் என 1964இல் உலகுக்கு உரைத்த அதே நிலையம், இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயருடன், அவ்விதி எச்.ஐ.வி. தொற்றாளருக்கும் பொருந்துமா எனத் தன்னையே சோதித்தது. 2010இல் வெளியான அதன் ஆய்வு, வாரத்தில் மும்முறை மருந்து பெற்றோரில் சிகிச்சை தவறியபோது றிபாம்பிசினுக்கு எதிர்ப்பு வளர்வதை எச்சரித்தது. 331 நோயாளரைக் கொண்ட அடுத்த ஆய்வு 2018இல் வெளியாயிற்று. நாள்தோறும் மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 91 பேர் நலமுற, வாரத்தில் மும்முறை பெற்றோரில் 77 பேரே நலமுற்றனர். 2017 அளவில் இந்தியா முழுவதுமே நாளாந்தச் சிகிச்சைக்கு மாறியிருந்தது. தன் புகழுக்குக் காரணமான முடிவைத் தானே திருத்திக்கொண்ட நேர்மை, ஆய்வுலகில் எந்நிறுவனத்துக்கும் முன்மாதிரியாதற்குரியது.

திருத்தப்பட வேண்டியிருந்தது இஃதொன்று மட்டுமன்று. உணவு நலிந்தோரும் மருந்தினாற் குணமாவர் என 1959இல் அறியப்பட்டதை, உணவும் வீடும் இந்நோய்க்குப் பொருட்டல்ல எனச் சிலர் விரித்துரைத்தனர். குணப்படுத்தல் வேறு, வராமற் காத்தல் வேறு என்பது மறக்கப்பட்டது. ஜார்க்கண்ட் மாநிலத்தில் சென்னை நிறுவனமும் பங்குகொண்டு நடாத்தி 2023இல் வெளியான ஆய்வு, நோயாளியின் குடும்பத்தாருக்கு உணவுப் பொதி வழங்கியபோது அவர்களிடையே புதிதாக நோய் தோன்றுவது ஏறத்தாழ நாற்பது வீதம் முதல் ஐம்பது வீதம் வரை குறைந்ததாகக் காட்டியது. உணவின்மையும் நோயெதிர்ப்பு ஆற்றலைத் தேய்ப்பதே. பசி செய்வதும் எச்.ஐ.வி. செய்வதும் காசநோய்க்கு முன்னால் ஒரே தன்மையின, அளவே வேறு.

மலையகம் கேட்கும் வினா

இலங்கை எச்.ஐ.வி. குறைந்த நாடுகளுள் ஒன்று. தாயிடமிருந்து சேய்க்கு அக்கிருமி பரவுவதை ஒழித்த நாடு என 2019இல் உலக சுகாதார நிறுவனம் இதற்குச் சான்றளித்தது. ஆதலின், தென்னாபிரிக்காவின் அவலம் இங்கும் நிகழ்ந்துள்ளது எனக் கூறுவது பொய்யாகும்; மலையகத்தவரை நோய் சுமப்போராகச் சித்திரிப்பதோ பெருந்தீங்காகும். ஆயினும், ஆண்டுதோறும் ஏறத்தாழ எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் காசநோயாளர் இந்நாட்டிற் பதிவாகி வந்துள்ளனர். காசநோயாளர் அனைவருக்கும் எச்.ஐ.வி. சோதனையும், எச்.ஐ.வி. தொற்றாளர் அனைவருக்கும் காசநோய்ச் சோதனையும் செய்தல் வேண்டும் என்பது உலகம் ஏற்ற நெறி. இரண்டுக்கும் மருந்து இலவசம். அங்ஙனமாயின் எஞ்சியுள்ள தடை யாது?

முதலாவது தடை தூரம். உடப்புசல்லாவைத் தோட்டமொன்றிலிருந்து இராகலை, கந்தப்பளை வழியாக நுவரெலியா மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குச் சென்று மீள்வதில் ஒருநாள் கழியும். அன்று பெயர் விழாது. பஸ் கட்டணம் வேறு. மருந்து இலவசமாயினும், மருந்தை வாங்கும் நாள் இலவசமன்று. இரண்டாவது தடை வெட்கம். ஒரு சுவருக்கு அப்பால் அயலவர் இருமலைக் கேட்கும் லயத்தில், மாத்திரைப் புட்டியை மறைத்துவைத்தல் எளிதன்று. காசநோய் என்றாலே பாத்திரத்தை வேறாக்குவோர், எச்.ஐ.வி. என்றால் மனிதரையே வேறாக்குவர். சோதனைக்கு அஞ்சுவோர் நோய்க்கு அஞ்சுவதில்லை. அயலார் வாய்க்கே அஞ்சுகின்றனர். மூன்றாவது தடை இடப்பெயர்வு. கொழும்புக் கடைகளிலும் மத்திய கிழக்கு வீடுகளிலும் உழைக்கச் செல்லும் இளையோர் நோயுற்று ஊர் திரும்பும்போது, ஓரிடத்திற் தொடங்கிய சிகிச்சை மற்றோரிடத்தில் அறுபடும். ஆறு மாதம் தொடரவேண்டிய மருந்து இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் கைவிடப்படுமாயின், மீண்டெழும் கிருமி மருந்துக்கு அடங்காததாகலாம்.

இம்மூன்று தடைகளும் மருத்துவ நூல்களிற் காணப்படாதவை, வரலாற்றிற் காணப்படுபவை. மக்களைத் தோட்டத்தோடு பிணைத்து நகரினின்று விலக்கி வைத்த குடியேற்றமும், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், 1964இல் பல இலட்சம் மக்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்ட உடன்படிக்கையும், தோட்ட மருத்துவத்தை நாட்டின் பொது மருத்துவத்தினின்று நெடுங்காலம் பிரித்து வைத்த நிருவாகமும் அவற்றின் வேர்களாகும். தோட்டத்து டிஸ்பென்சரியை மட்டுமே நம்பி வாழப் பழக்கப்பட்ட ஒரு சமூகத்தை, மருந்து இருக்கின்றது வந்து பெற்றுக்கொள்க என அழைத்தல் போதுமானதன்று.

சேத்துப்பட்டு ஆய்வின் உட்கருத்தும் இதுவேயாம். அவ்வாய்வு வெற்றி பெற்றது மருந்தின் வலிமையால் மட்டுமன்று. நிலையத்தின் பணியாளர் நோயாளரின் வீடுதேடிச் சென்றனர், வராதவரைத் தேடினர், குடும்பத்தாரையும் சோதித்தனர். வீட்டிலேயே சிகிச்சை என்ற சொற்றொடரில், வீட்டைத் தேடிச் செல்லும் கால்கள் அடங்கியுள்ளன. அக்கால்கள் இல்லாதவிடத்து வீட்டுச் சிகிச்சை என்பது கைவிடுதலுக்கு இட்ட நல்ல பெயராகவே முடியும்.

2023ஆம் ஆண்டில் உலகெங்கும் பன்னிரண்டரை இலட்சம் மக்கள் காசநோயால் இறந்தனர். அவர்களுள் 1,61,000 பேர் எச்.ஐ.வி. தொற்றாளர். இரு நோய்களுக்கும் மருந்து கைவசம் இருக்கும் காலத்தில் நிகழ்ந்த இறப்புகள் இவை. கொக் வாழ்ந்த காலத்து மரணங்களுக்கு அறியாமையைக் காரணங்காட்டலாம். இராமானுஜன் காலத்து மரணங்களுக்கு மருந்தின்மையைக் காரணங்காட்டலாம். இன்றைய மரணங்களுக்கு அவ்விரு காரணங்களும் பொருந்தா. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் இருமும் ஒருவரிடத்து, அவர் இழக்கும் நாட்சம்பளத்துக்கு ஈடும், அவர் மறைக்க விரும்பும் செய்திக்குக் காவலும், அவர் பிள்ளைகளுக்குப் போதிய உணவும் மருந்தோடு சேர்ந்து சென்றடையும் நாளிலேயே, சென்னை 1959இல் தந்த பாடத்தை மலையகம் முழுமையாகப் பெற்றதாகக் கொள்ளலாம்.